பாட்டனார் துப்பாக்கியும் பத்திரமும்

கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையைக் காணச் செல்வோர், சுவரோவியங்களோடு அங்கே வைக்கப்பட்டுள்ள வாள்களையும் ஈட்டிகளையும் காண்பர். 1555-ல் போர்த்துகேசியர் கட்டிக் கொடுத்த மாளிகை அது. அவ்வாயுதங்கள் பொருட்காட்சிப் பொருள்களாகிவிட்டன. அவற்றின் உரிமை பற்றி இன்று வழக்கில்லை. ஆனால் ஊரிலுள்ள பழைய வீட்டின் பெட்டியில், பாட்டனார் வைத்துச் சென்ற துப்பாக்கியின் நிலை வேறு. அது யாருடைய சொத்து? அதை வைத்திருக்கும் உரிமை யாருடையது? இவை இரண்டும் ஒரே வினா அல்ல என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

முற்காலத்தில் ஆயுதம் தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் சென்றது. ஏடு எதுவும் தேவைப்படவில்லை. அந்நிலையைக் கம்பெனி ஆட்சி மாற்றியது. 1799-ல் கட்டபொம்மனும் 1801 அக்டோபரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பர் முதல் தேதி, சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரகடனம் ஒன்றை வெளியிட்டு, தென்பாளையங்களில் ஆயுதம் தாங்குவதைத் தடுத்தார்.

மேற்குக் கடற்கரையிலும் இதே கதைதான். 1808 டிசம்பரில் கொச்சியின் பரம்பரை மந்திரியான பாலியத்தச்சனின் படை, ரெசிடெண்ட் மெக்காலேயின் இல்லத்தைத் தாக்கியது. அடுத்த மாதம் வேலுத்தம்பி குண்டறையில் தம் அறிக்கையை வெளியிட்டார். கிளர்ச்சி 1809-ல் அடங்கியது; திருவிதாங்கூரின் நாயர் படையிற் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. வடக்கே மலபாரில், 1854-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கலெக்டர் கனோலி ஊர் ஊராகச் சென்று 7,000-க்கும் மேற்பட்ட போர்க்கத்திகளைப் பறிமுதல் செய்தார்.

லிட்டன் பிரபுவின் காலத்தில், 1878-ல் வந்த ஆயுதச் சட்டம் லைசென்சு முறையை நாடெங்கும் நிலைநாட்டியது. ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது, இந்தியருக்கோ இல்லை. இந்த வேறுபாடு நாட்டினரின் நெஞ்சைச் சுட்டது. 1931-ல் கராச்சிக் காங்கிரஸ் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருத்தலையும் குடிமக்களின் உரிமைகளுள் ஒன்றாக எண்ணியது. சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959-ல் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் நுட்பம் இதுவே: சொத்து வாரிசுக்குச் சேரும், லைசென்சோ, அதனைப் பெற்றவரோடு முடிந்துவிடும். எனவே லைசென்சுதாரர் காலமானால், துப்பாக்கியைத் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெறவேண்டும். பிறகு வாரிசு தம் பெயரில் லைசென்சு பெற்று அதை மீட்கலாம். அல்லது தகுதியுடைய ஒருவருக்கு விற்றுப் பணம் பெறலாம். குறித்த காலத்திற்குள் இரண்டும் செய்யாவிடில், அது அரசாங்கத்துக்குப் பறிமுதலாகும். 2016-ஆம் ஆண்டு விதிகள் மற்றொரு வழியையும் தருகின்றன: 70 வயது நிறைந்தவர், அல்லது 25 ஆண்டு துப்பாக்கியை வைத்திருந்தவர், தம் வாழ்நாளிலேயே வாரிசுக்கு மாற்றக் கோரலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பரம்பரையாக வந்தவையாயினும் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தல் ஆகாது.

பழுது பார்த்தாலும் சுட இயலாத பழம்பொருளுக்கு விலக்கு உண்டு. எனினும், 'துருப்பிடித்ததுதானே' என்று நாமே தீர்ப்பளித்துக்கொள்வது தகாது. அதிகாரிகளிடமிருந்து எழுத்துச் சான்று பெறுவதே நன்று.

பரம்பரைக்குச் சட்டம் தனிமதிப்பு அளித்த இடமும் உண்டு. கைல்போள்டு விழாவில் துப்பாக்கியை வைத்து வழிபடும் குடகர்களும், அங்குள்ள ஜம்மா நிலத்தாரும் நெடுங்காலமாக லைசென்சிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். 2019-ல் அவ்விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டது. ஆயினும் விலக்கு பெற்றோரும் அதற்குரிய சான்றிதழை வைத்திருக்கவே வேண்டும்.

பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்துள்ள நம்மவர் பலரின் பூர்வீக வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உள்ளே துப்பாக்கி ஒன்று இருக்குமானால், அது வீரத்தின் நினைவு மட்டுமன்று. உரிமம் இல்லையேல் சிறைத் தண்டனைக்கு இடமளிக்கும் பொருளுமாகும். திருடர் கையிற் சிக்கினாலோ பிறர் உயிருக்கே கேடு. ஆதலின் அடுத்த முறை ஊர் செல்லும்போது பழைய லைசென்சுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். துப்பாக்கியின் எண்ணோடு ஒப்பிடுங்கள். இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் மற்ற வாரிசுகளின் எழுத்து மூலமான சம்மதத்தையும் சேர்த்து வையுங்கள். முதியவர் உயிரோடிருக்கும்போதே அவரிடம் கேட்டு முடிப்பது இன்னும் எளிது. அன்று அந்நியர் நம்மை நம்பாமல் கேட்ட சீட்டு அது. இன்றோ, அண்டை வீட்டாரின் பாதுகாப்புக்காக நாமே எழுதிக்கொண்ட விதி.