வெள்ளையான பிறகும் மஞ்சள்

கல்முனையில் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் உம்மா இன்றைக்கும் "றோட்ட மாறக்க மஞ்சக் கோட்டால மாறு மனே" என்றுதான் சொல்கிறாள். பிள்ளை கால் வைப்பதோ வெள்ளைக் கோடுகளில். வீதிக் கடவைகள் மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாறி வருடங்கள் ஆகிவிட்டன. செய்தித்தாள்கள் இன்னும் 'மஞ்சள் கடவை' என்றே எழுதுகின்றன. சிங்களத்திலும் அது 'கஹ இர', மஞ்சள் கோடுதான். அரச ஆவணத்தில் மட்டும் 'பாதசாரிக் கடவை' என்று சட்டை போட்டு நிற்கிறது.

இந்தக் கோடு பிறந்த ஊர் இங்கிலாந்து. அங்கே 1930களில் கடவை என்பது தெருவில் பதித்த உலோகக் குமிழ்களின் இரண்டு வரிசை. நடக்கிறவருக்கு அவை தெரியும். நிறுத்த வேண்டிய சாரதிக்குத் தெரியாது. 1934இல் போக்குவரத்து அமைச்சராக இருந்த லெஸ்லி ஹோர் பெலிஷா, கறுப்பு வெள்ளைக் கம்பத்தின் உச்சியில் செம்மஞ்சள் உருண்டை ஒன்றை வைத்தார். முதலில் வைத்தவை கண்ணாடி. கல்லெறிந்து பழகச் சிறுவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, ஜார்ஜ் சார்ல்ஸ்வர்த் என்ற பௌதிகவியலாளரும் வீதி ஆய்வுகூடத்தில் அவரோடு வேலை செய்தவர்களும், தூரத்திலிருந்து வரும் கண்ணுக்கு எது பளிச்சென்று படும் என்று தேடினார்கள். சிவப்பும் வெள்ளையும் பூசிப் பார்த்தார்கள். நீலமும் மஞ்சளும் பூசிப் பார்த்தார்கள். வென்றது கறுப்பும் வெள்ளையும். அதில் ஒரு சிக்கனமும் உண்டு: கறுப்பைத் தாரே தந்துவிடும், பூச வேண்டியது பாதிதான். அந்த ஆய்வுகூடத்துக்குப் போன ஜேம்ஸ் கலகன், பின்னாளில் பிரதமரானவர், இது வரிக்குதிரை போல இருக்கிறதே என்றாராம். பெயரை வைத்தவன் நான்தான் என்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. 1951 ஒக்டோபர் 31ஆம் திகதி ஸ்லவ் நகரின் கடைத்தெருவில் முதல் வரிக்குதிரைக் கடவை திறந்தது. இலங்கையின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதே 1951ஆம் ஆண்டுச் சட்டந்தான்.

அங்கே தோற்ற மஞ்சள் இங்கே கறுப்புத் தாரில் ஏறி, ஒரு தலைமுறையின் வாயிலும் குடியேறிவிட்டது.

கோடு வந்து சேர்ந்த நிலத்தைப் பார்க்க வேண்டும். கிழக்கே கடல், மேற்கே வயல், இடையில் ஒடுங்கிய மணல் நிலம். அதில் மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை என்று ஊர் முடிவது தெரியாமல் அடுத்த ஊர் தொடங்கும். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ4 நெடுஞ்சாலை, இந்த ஊர்களை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து ஓடுகிறது. கரையிலிருந்து மீன் கொண்டுவருகிறவர், வயல் வட்டைக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், பாடசாலைப் பிள்ளைகள் என்று ஒரு நாளில் ஒரு தடவையாவது அதைக் குறுக்கே மாறாத ஆள் குறைவு. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எழுந்தபோது சனம் ஓடியதும் இந்த வீதிக்குக் குறுக்கேதான், மேற்கு நோக்கி.

இப்படிப்பட்ட ஊரில் கடவைதான் முதல் வேலை, பெருந்தெருவின் வேகம் அதற்குப் பிறகு என்பது என் எண்ணம். வீதி போடுகிறவர்கள் நெடுக்கே பார்க்கிறார்கள். நாங்கள் வாழ்வது குறுக்கே. கோடு கீறியிருந்தும், கையை நீட்டிக் காட்டிக்கொண்டேதான் இறங்குகிறோம். கையை நம்புகிற அளவுக்குக் கோட்டை இன்னும் நம்பவில்லை.

சைக்கிள்காரருக்கு இந்தப் பெயின்ற்றில் பங்கே இல்லை. கடவை நடக்கிறவருக்கானது, சைக்கிள்காரர் இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும். பின்னால் மீன் பெட்டி கட்டியவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்! 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது, மூலையில் சாய்த்து வைத்திருந்த சைக்கிள்களெல்லாம் வெளியே வந்தன. உத்தியோகத்தர்களும் மிதித்தார்கள். பெற்றோல் திரும்பி வந்ததும் அவை மறுபடி தார் விளிம்புக்கு ஒதுங்கின. வீதியோரத்து வெள்ளைக் கோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே கிடைக்கிற அந்த ஒரு சாண்தான் இங்கே சைக்கிள் பாதை. அங்கேயும் ஒரு ஓட்டோ நிறுத்தியிருந்தால், பின்னால் வருவது பஸ்ஸா லொறியா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே நடுவீதிக்கு ஏற வேண்டியதுதான்.

இப்போது கீறுகிற கோடு வாளிப் பெயின்ற் இல்லை. 200 பாகை செல்சியஸ் அளவில் உருக்கி ஊற்றும் ஒருவகைப் பிளாஸ்டிக் பிசின்; சூட்டோடு சூடாக அதன் மேல் பொடிக் கண்ணாடி மணிகளைத் தூவுவார்கள். இரவில் வாகன வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவது அந்த மணிகள்தான். சக்கரம் ஓடும் தடங்களில் கோடு முதலில் தேயும். நடுவிலும் ஓரத்திலும் துண்டு துண்டாக மிஞ்சும்.

அந்த மிச்சத்தின் பக்கத்தில் நின்றபடி ஒருவர் தொலைபேசியில் இடம் சொல்லிக்கொண்டிருப்பார்: "காக்கா, மஞ்சக் கோட்டடியில நிக்கிறன். வாங்க."