வரி கொடுப்போர் யார்?

"உங்கள் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை எங்கள் வரிப்பணம்" என்னும் சொல்லை மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் நம் இளைஞர்கள் கேட்டிருப்பர். கேட்டுத் தலைகுனிந்தோரும் உளர். வருமான வரி கட்டாதவன் அரசுக்கு எதுவுமே கொடாதவன் என்னும் எண்ணமே இச்சொல்லுக்கு அடிப்படை. அது மெய்தானா என்பதை வரலாறு கொண்டு ஆராய்வோம்.

இந்தியாவில் வருமான வரி 1860ஆம் ஆண்டு ஜேம்ஸ் வில்சன் என்பவரால் கொண்டுவரப்பட்டது. ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருமானமுடையோரை அது தொடவில்லை. ஆயினும், ஆட்சிச் செலவைக் குறைத்தாலே போதும் என்று சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் எதிர்த்தார். எதிர்ப்பை வெளிப்படையாக அச்சிட்டமையால் பதவியிழந்தார். 1865இல் அவ்வரி நீங்கியது. 1886இல் நிலைபெற்றபோது வேளாண்மை வருமானத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது. நிலவுடைமையாளர் அதனால் பயனடைந்தனர்.

உப்பின் கதையோ வேறு. சென்னை மாகாணத்தில் 1805இல் உப்பு அரசின் தனியுரிமையாயிற்று. பண்ணையாள் தன் கஞ்சியில் இட்ட உப்புக்கும் ஆண்டையின் விருந்தில் இட்ட உப்புக்கும் வரி ஒன்றே. அவ்வரி 1947இல்தான் ஒழிந்தது.

இந்த அநீதியின் மற்றொரு வடிவத்தை அண்ணல் அம்பேத்கர் 1927இல் பம்பாய்ச் சட்டசபையில் எடுத்துக்காட்டினார். வருமான வரி குறைந்த வருவாயுடையோரை விட்டுவிடுகிறது. நிலவரியோ ஏழை உழவனையும் விடுவதில்லை என்பதே அவர் வாதம். கொடுக்கும் ஆற்றலுக்கேற்ப வரி என்னும் நெறியை அவர் வற்புறுத்தினார்.

தியாகராய நகர் பசுல்லா சாலையில் வாழ்ந்த இராஜாஜி, முதலமைச்சராயிருந்தபோது 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். குறைந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. வணிகர் செலுத்தினாலும் அதன் சுமை விலையில் ஏறி வாங்குவோரைச் சேர்ந்தது. அவ்வழியே 2007இல் மதிப்புக் கூட்டு வரியும், 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரியும் வந்தன.

பாண்டி பஜாரில் 2,000 ரூபாய் மின்விசிறி ஒன்றுக்கு 18 விழுக்காடு வரி 360 ரூபாய். மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு அது நூற்றுக்கு 2 ரூபாய் 40 காசு. 3,00,000 ரூபாய் பெறும் அதிகாரிக்கு நூற்றுக்கு 12 காசு மட்டுமே. வருமான வரியோ வருவாய் உயர உயர விகிதத்தில் உயர்கிறது.

மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. மிகுதியாகச் செலவிடுவோர் மிகுதியாகவே வரி தருகின்றனர். உப்புக்கு இன்று வரியில்லை. சோப்புக்கான வரி 2025 செப்டம்பரில் 18இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. வருமான வரியிலும் குறையுண்டு: மாதச் சம்பளக்காரரிடம் முன்னரே பிடிக்கப்படுகிறது, வருவாயை மறைப்பவர் தப்பிவிடுகின்றனர். எனினும் வாங்கும் பொருளை மட்டும் பார்க்கும் வரி, வாங்குபவரின் வறுமையைப் பார்ப்பதில்லை.

இளைஞர்களே! நம் பாட்டன் உப்பில் கொடுத்தான். நம் தாய் சோப்பில் கொடுக்கிறாள். பள்ளியும் உதவித்தொகையும் அப்பணத்தாலும் நடப்பவையே. ஆகவே அவற்றை உரிமையோடு பெறுவோம். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தைப் படித்து, சுமை யார்மீது ஏறுகிறதெனக் கேட்கவும் கற்போம்.