மஞ்சள் காமாலையிலிருந்து கே72 வரை

1632-ல் லண்டனில் மஞ்சள் காமாலையால் இறந்தவர்கள் 43 பேர். ஈரல் பெருத்து இறந்தவர்கள் 87 பேர். இதை எழுதி வைத்தது மருத்துவர்கள் அல்ல! சர்ச் வட்டாரங்களில் பிணத்தைப் பார்த்துக் காரணம் சொல்வதற்கென்றே நியமிக்கப்பட்ட வயதான பெண்கள். அந்தப் பட்டியலை ஜான் கிராண்ட் 1662-ல் தன் புத்தகத்தில் சேர்த்ததால்தான் இன்றும் நமக்குக் கிடைக்கிறது.

இரு நூற்றாண்டு கழித்து, வியன்னாவில் ஆயிரக்கணக்கான உடல்களை அறுத்துப் பார்த்த ரோக்கிடான்ஸ்கி, சில நாட்களிலேயே சுருங்கி மஞ்சளாகிப் போன ஈரலுக்கு "திடீர் மஞ்சள் சுருக்கம்" என்று பெயர் வைத்தார். பொருத்தமான பெயர்தான். ஆனால் ஒரு சிக்கல்... வயிற்றைத் திறந்தால்தான் அது தெரியும். உலக சுகாதார நிறுவனம் 1948-ல் நோய்ப் பட்டியலின் 6-ஆம் பதிப்பைக் கொண்டுவந்தபோதும் அதே பெயர்தான் 580 என்ற எண்ணில் இருந்தது. அந்தப் பதிப்பிலிருந்து பட்டியல் உயிரோடு இருக்கும் நோயாளிகளுக்கும் சேர்த்துத்தான். படுக்கையில் இருப்பவருக்குப் பிரேத அறையின் பெயர்! 8, 9-ஆம் பதிப்புகளில் எண் 570 ஆனது, பெயர் "ஈரல் அழுகல்" என்கிற அர்த்தத்தில் மாறியது. அதுவும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லும் பெயர்தான்.

1970-ல் டிரே, டேவிட்சன் இருவரும் நோயைக் கட்டிலருகே கொண்டுவந்தார்கள். முன்பு ஈரல் நோயே இல்லாதவர், முதல் அறிகுறி தெரிந்து 8 வாரத்துக்குள் மூளை குழம்பினால் அதுதான் இது. 10-ஆம் பதிப்பில் கே72.0 என்று "ஈரல் செயலிழப்பு" ஒருவழியாக இடம்பிடித்தது.

அமெரிக்கா இந்தப் பதிப்புக்கு மாறியது 2015 அக்டோபர் 1-ல்தான். அங்கே இதை இரண்டாகப் பிரித்தார்கள். கோமா இல்லையென்றால் கே72.00, இருந்தால் கே72.01. இங்கேதான் சென்னையிலும் கோவையிலும் அமெரிக்க கேஸ் ஷீட்டுகளைப் படிக்கும் கோடர்களின் தலைவலி ஆரம்பம். ரத்தம் உறையாமல் ஐ.என்.ஆர். 4-க்கு ஏறியிருக்கும், "குழப்பமாகப் பேசுகிறார்" என்று நர்ஸ் குறித்திருப்பார். ஆனாலும் மருத்துவர் நோயின் பெயரை எழுதாவிட்டால் கோடர் அந்த எண்ணைப் போடக்கூடாது. ஊகிக்க அனுமதியில்லை, கேட்டு எழுதி வாங்கத்தான் வேண்டும். கோமா வரை போகாத மூளைக் குழப்பத்துக்கு கே76.82 என்ற தனி எண் கிடைக்கவே 2022 அக்டோபர் ஆகிவிட்டது.

இதையெல்லாம் விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கே72 என்பதில் காரணம் இல்லை. பாரசிட்டமால் அளவுக்கு மீறிப்போய் ஈரல் கெட்டது என்று எழுதியிருந்தால் கே71.1-ம், மருந்தைச் சொல்லும் டி39.1-ம் சேரும். வெறும் "ஈரல் செயலிழப்பு" என்றால் மாத்திரை காணாமல் போய்விடும். பிரிட்டன் 1998 செப்டம்பரில் பாரசிட்டமால் பாக்கெட்டில் இருக்கும் மாத்திரைகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. அதனால் உயிர்கள் தப்பினவா என்று பார்க்க ஆய்வாளர்கள் எடுத்தது மருந்தின் பெயர் எழுதப்பட்ட மரணப் பதிவுகளைத்தான். சாவுகள் குறைந்திருந்தன.