தன்மகரந்தச் சேர்க்கையும் மிளகுக்கொடியின் வரலாறும்

மிளகின் வரலாறு பெரும்பாலும் வணிகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. முசிறித் துறைமுகம், யவனர் கொணர்ந்த பொன், 1498-இல் கோழிக்கோட்டை அடைந்த வாஸ்கோ ட காமா என அது விரிகிறது. இவற்றுக்கெல்லாம் அடிப்படையான மாற்றம் ஒன்று கொடியின் பூவில் நிகழ்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இயல்பாக வளரும் மிளகுக்கொடிகளுள் பெரும்பாலானவை ஒருபாற்கொடிகள். ஆண்பூக்கள் ஒரு கொடியிலும் பெண்பூக்கள் மற்றொரு கொடியிலும் தோன்றும். இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் முருக்கு மரங்களைப் பற்றிப் படரும் கொடிகளிலோ இருபாற்பூக்களே மிகுதி.

இம்மாற்றத்துக்குக் காரணம் உழவரின் நெடுங்காலத் தேர்வு என ஆய்வாளர் கருதுகின்றனர். ஆண்கொடி காய்ப்பதில்லை, அருகே ஆண்கொடி இல்லாத பெண்கொடியின் சரங்களும் மணி பிடிக்காமல் உதிரும். தனித்து நின்றும் நிறையக் காய்த்த கொடியிலிருந்தே தண்டு வெட்டி நடப்பட்டது. 1688-இல் வெளிவந்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் ஏழாம் தொகுதி இக்கொடியை ‘மொளகுகொடி’ என்ற மலையாளப் பெயரிலேயே பதிவு செய்தது. 1753-இல் லின்னேயஸ் மிளகினத்தை இரு மகரந்தத்தாள் கொண்ட வகுப்பில் வைத்தார்.

இருபாற்பூவாயினும் மிளகில் சூல்முடி முதிர்ந்து சில நாள்கள் கழிந்த பின்னரே மகரந்தப்பை வெடிக்கிறது. எனவே ஒரு பூவின் மகரந்தம் பெரும்பாலும் அதே கொடியின் வேறு பூவைச் சேர்கிறது. தொங்கும் சரத்தின் வழியே மகரந்தம் கீழிறங்கப் புவியீர்ப்பும் மழைத்துளியும் துணைசெய்கின்றன. மரபியல் நோக்கில் இதுவும் தன்மகரந்தச் சேர்க்கையே.

பதினோர் ஆண்டுச் சோதனைகளின் பயனாகச் சார்லஸ் டார்வின் 1876-இல் வெளியிட்ட நூல், தன்மகரந்தச் சேர்க்கையில் பிறந்த செடிகள் பொதுவாக வீரியம் குன்றியவை எனக் காட்டிற்று. மிளகில் சிக்கல் வேறு வகையானது. சேர்க்கையால் விளையும் விதை சந்தைக்குச் செல்கிறது. நிலத்துக்குச் செல்வது தண்டு. ஆகவே ஒரே மரபமைப்பு தலைமுறை தலைமுறையாக மீள்கிறது. துரித வாடல் நோய் புகுந்தால், ஒரே கொடியின் வழிவந்த தோட்டம் முழுவதும் ஒருசேர இடருக்குள்ளாகிறது.

இத்தேக்கத்தை உடைத்த முயற்சி கண்ணூர் மாவட்டத்துப் பன்னியூர் மிளகு ஆய்வு நிலையத்தில் நிகழ்ந்தது. உதிரன்கொட்டை, செறியகணியக்காடன் ஆகிய நாட்டு வகைகளைக் கலந்து உருவான பன்னியூர்-1 என்னும் கலப்பினம் 1971-இல் வெளியிடப்பட்டது. தாயாக அமைந்த உதிரன்கொட்டையில் பெண்பூக்களே மிகுதி. தன்மகரந்தச் சேர்க்கை போதாமல் சரம் உதிர்க்கும் குறையுடைய அவ்வகையே உயர்விளைச்சல் கலப்பினத்தின் தாயாயிற்று. உழவர் அதனை முற்றிலும் கழித்திருப்பின் இக்கலப்பு வாய்த்திராது.

பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கின் வரலாறும் இங்கே வந்து இணைகிறது. குந்திப்புழை நீர்மின் திட்டத்தை எதிர்த்தோர் முன்வைத்த காரணங்களுள் ஒன்று, பயிர்களின் காட்டு உறவினங்கள் அங்கே வாழ்கின்றன என்பது. திட்டம் 1983-இல் கைவிடப்பட்டது. 1984-இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. காட்டு மிளகும் அங்கே வளர்கிறது. தோட்டக்கொடி கைவிட்ட அயல்மகரந்தச் சேர்க்கை அத்தகைய காடுகளில் இன்னும் தொடர்கிறது. நோயையும் வறட்சியையும் தாங்கும் புதிய வகைகளைத் தேடுவோர் அக்கொடிகளையும் நாட வேண்டியுள்ளது.