ஆல்பா சென்டாரி ஏ

சூரியனை விட்டால், வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களில் பூமிக்கு மிக அருகில் இருப்பது ஆல்பா சென்டாரி. தொலைவு 4.37 ஒளியாண்டு. சிரியசுக்கும் அகத்தியர் மீனுக்கும் அடுத்தபடியாக இரவு வானில் பிரகாசமானதும் இதுவே. டெல்லியில் அடிவானத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிடும். லண்டனில் உதிப்பதே இல்லை. 9.9 பாகை வட அட்சரேகையில் உள்ள மதுரையிலோ தென் அடிவானத்துக்கு மேல் சுமார் 19 பாகை உயரம் வரை ஏறுகிறது. சித்திரைக் கடைசியில் நள்ளிரவை ஒட்டியும், ஆனி பிறக்கும்போது இரவு ஒன்பதரை மணியளவிலும் திருமங்கலம் பக்கத்துச் சமவெளியில் தெற்கு நோக்கி நின்றால், திரிசங்குவுக்கு இடப்புறம் இரண்டு பிரகாசமான மீன்கள் தெரியும். அவற்றில் கிழக்கே இருப்பது இது. சூரியனை ஒத்த மீன் ஒன்றை மதுரைக்காரர் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இதைத்தான் காட்ட வேண்டும் என்பதற்கு நிறமாலையே முதல் சான்று. இதன் முதன்மை உறுப்பான 'ஏ', சூரியனைப் போலவே ஜி2 நிறமாலை வகை, நிறை 1.08 மடங்கு, விட்டம் 1.2 மடங்கு, ஒளி ஒன்றரை மடங்கு.

கண்ணுக்குத் தெரிவது 'ஏ' மட்டுமல்லவே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; அதற்கு வித்திட்டதும் தமிழ் மண்ணே. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்மீன் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்த பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் ழான் ரிஷோ, இந்த ஒற்றைப் புள்ளி உண்மையில் இரட்டை என்பதைத் தொலைநோக்கியில் கண்டார். ஆனால் அந்தப் புள்ளியின் ஒளியில் முக்கால் பங்குக்கு மேல் 'ஏ' தருவது. துணையான 'பி' மங்கலான ஆரஞ்சு மீன். இரண்டும் 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவருகின்றன. நெருங்கும்போதுகூட இடைவெளி, சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ளதைப் போல் 11 மடங்கு. அவ்வளவு தள்ளியிருக்கும் துணை 'ஏ'யின் நிறத்தையோ வெப்பத்தையோ மாற்றுவதில்லை.

தனித்த மீன்தான் வேண்டும் என்பவர்கள் டௌ செட்டியைச் சொல்வார்கள். சுமார் 12 ஒளியாண்டுத் தொலைவு. மதுரை வானில் 64 பாகை வரை ஏறும். ஆனால் அதன் நிறை சூரியனில் 0.78 பங்கு, ஒளி ஏறக்குறைய பாதி, உலோகச் செறிவும் மிகக் குறைவு. சூரியனுக்கு இன்னும் நெருங்கிய ஒப்புமை 18 ஸ்கார்ப்பி என்பது உண்மையே. ஆனால் அதன் ஒளித்தரம் 5.5; மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலைய விளக்குகளின் நடுவே நின்று அதைத் தேடுவது வீண் வேலை.