தொலைவிலிருந்து எழுதும் கை: தொழில்நுட்ப எழுத்தின் வரலாற்றில் சில பக்கங்கள்

தொழில்நுட்ப எழுத்து என்றொரு தொழில் இருப்பதை இலக்கிய வாசகர்களாகிய நாம் அதிகம் கவனித்ததில்லை. ஒரு கருவியை எப்படி இயக்குவது, ஒரு மென்பொருளை எப்படி நிறுவுவது, பழுது வந்தால் எங்கே பார்ப்பது என்பனவற்றைத் தெளிவாக எழுதித் தருவதே அத்தொழில். எழுதியவர் பெயர் அட்டையில் இராது. வாசிப்பவரும் விரும்பி வாசிப்பதில்லை. சிக்கல் வந்த பின்னரே தேடி எடுக்கிறார். எனினும், மொழியைக் கற்றவர்கள் மொழியைக் கொண்டே பிழைக்கக்கூடிய சில வேலைகளுள் இதுவும் ஒன்று. அதைவிட முக்கியமாக, குழந்தை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு, உடற்குறை, சிற்றூர் வாழ்வு எனப் பல காரணங்களால் நாள்தோறும் அலுவலகம் செல்ல இயலாதவர்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை இது.

அத்தகைய வேலை எப்படிக் கிடைக்கிறது? கிடைத்தது எப்படி நிலைக்கிறது? இக்கேள்விகளுக்கு அறிவுரை நூல்கள் பல விடை தருகின்றன. நாம் வரலாற்றிடம் கேட்டுப் பார்க்கலாம். வீட்டிலிருந்து வேலை என்பது 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றோடு பிறந்தது என்பது பரவலான எண்ணம். உண்மையில், கணினியின் வயதுக்கும் அதன் வயதுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

1. இயந்திரம் ஓரிடம், அறிவு ஓரிடம்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் எக்கர்ட், மாக்லி என்னும் இருவர் நடத்திய நிறுவனம், கலிபோர்னியாவிலிருந்த நார்த்ராப் என்னும் விமான நிறுவனத்துக்காக 'பைனாக்' என்ற கணினியைச் செய்து 1949இல் அனுப்பி வைத்தது. நாட்டின் ஒரு கரையில் செய்த இயந்திரம் மறு கரையில் இயங்க வேண்டும். தங்கள் பணியாளர்கள் அங்கே சென்று அதைப் பொருத்தித் தருவதற்குப் பாதுகாப்பு விதிகளைக் காட்டி நார்த்ராப் இடந்தரவில்லை என்று செய்தவர்கள் தரப்பில் பின்னர் குறைப்பட்டனர். அந்த இயந்திரம் கலிபோர்னியாவில் சரிவர இயங்கவில்லை என்பது வாங்கியவர்களின் குறை.

இந்தப் பூசலில் யார் பக்கம் நியாயம் என்பது நமக்கு முக்கியமில்லை. அந்தக் கணினிக்காக ஜோசப் சாப்ளைன் என்பவர் ஒரு பயன்பாட்டுக் கையேடு எழுதினார் என்பதே நமக்கு முக்கியம். கணினிக்கென எழுதப்பட்ட முதல் கையேடாக அதைக் கருதுவது வழக்கம். செய்தவர் உடன் வர முடியாத இடத்துக்கு அவருடைய சொல் மட்டும் செல்கிறது. தொழில்நுட்ப எழுத்து பிறந்ததே தொலைவின் காரணமாகத்தான். எழுதுபவரும் பயன்படுத்துபவரும் ஒரே அறையில் இருந்திருந்தால் கையேட்டுக்குத் தேவையே இராது.

2. ஆறு பவுன் முதலீடு

தொலைவிலிருந்து வேலை செய்வதையே ஒரு நிறுவனத்தின் அடித்தளமாக்கியவர் ஸ்டெஃபனி ஷெர்லி. 1933இல் ஜெர்மனியின் டோர்ட்முண்டு நகரில் யூதத் தந்தைக்குப் பிறந்தவர். நாஜிக் கொடுமைக்குத் தப்ப, 1939இல் தம் அக்காளோடு குழந்தை அகதியாக இங்கிலாந்து வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஐந்து. 1951இல் லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல்துறை ஆய்வு நிலையத்தில் பணியில் சேர்ந்து, மாலை வகுப்புகளில் ஆண்டுக்கணக்கில் படித்துக் கணிதப் பட்டம் பெற்றார். பெண் என்பதால் மேலே செல்லும் வழி அடைபடுவதைப் பணியிடந்தோறும் கண்டார். 1962இல் ஆறு பவுன் முதலீட்டில், தம் வீட்டு உணவு மேசையையே அலுவலகமாகக் கொண்டு 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

திருமணத்தாலும் மகப்பேற்றாலும் வேலையை விட்ட பெண் நிரலாளர்கள் பலர் அன்று இங்கிலாந்து முழுவதும் வீடுகளில் முடங்கிக் கிடந்தனர். அவர்களைத் தேடி வேலை கொடுத்தார் ஷெர்லி. முதல் 300 பணியாளருள் 297 பேர் பெண்கள் என்பது அவரே சொன்ன கணக்கு. வேலை கேட்டு வருபவரிடம் அந்நாளில் கேட்கப்பட்ட கேள்விகளுள் ஒன்று, உங்களுக்குத் தொலைபேசி வசதி உண்டா என்பது. நிரலைப் பென்சிலால் தாளில் எழுத வேண்டும். அது அஞ்சலில் கணினி நிலையத்துக்குச் செல்லும். அங்கே அட்டையிலோ நாடாவிலோ துளையிட்டுச் சரிபார்த்த பின்னரே இயந்திரத்தை அடையும். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல் இவ்வாறு வீட்டிலிருந்த பெண்களால் எழுதப்பட்டதே.

வேலை தேடி அவர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கணவர் சொன்ன யோசனைப்படி, 'ஸ்டெஃபனி' என்று ஒப்பமிடுவதை விட்டு 'ஸ்டீவ்' என்று ஒப்பமிட்டார்; பதில்கள் வரத் தொடங்கின. வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கும்போது குழந்தையின் அழுகை கேட்டுவிடாதிருக்க, தட்டச்சு ஒலியைப் பதிவுசெய்த நாடாவைப் பின்னணியில் ஓடவிட்டதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டு நாம் சிரிக்கலாம். சிரிப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு இருக்கிறது. தாம் செய்யும் வேலை அலுவலகத்தில் செய்யப்படுவதைப் போன்றதே என்று மெய்ப்பிக்க, அலுவலகத்தின் ஓசையை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆனால் அந்த நிறுவனத்தை நிலைநிறுத்தியது ஒலிநாடா அன்று. அதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, விலை. மணிக்கணக்கில் கூலி கேட்டால் பகுதிநேரப் பணி என்பது வெளிப்பட்டுவிடும். ஆகவே வேலை முழுமைக்கும் இன்ன தொகை என்று முன்கூட்டியே சொல்லும் முறையை அவர் கைக்கொண்டார். எத்தனை மணி நேரம், எந்த வேளையில் உழைத்தார்கள் என்ற கேள்வி அதோடு நின்றது. முடிந்த வேலை மட்டுமே கேள்விக்கு உள்ளாயிற்று.

மற்றொன்று, எழுத்து. அவர்கள் தொடக்க காலத்தில் செய்த வேலைகளுள் ஒன்று நிரல் எழுதுவது அன்று. மென்பொருள் பணியை எப்படித் திட்டமிடுவது, எப்படிக் கட்டுப்படுத்துவது, எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கான நெறிமுறை ஆவணம் ஒன்றை எழுதுவது. அந்நெறிமுறையைத் தாங்களும் பின்பற்றினார்கள். அதைக் காலத்துக்கேற்பத் திருத்தித் தருவதற்குப் பல ஆண்டுகள் ஊதியமும் பெற்றார்கள். முடிவில் அது நேட்டோ அமைப்பின் நெறிமுறையாயிற்று. ஒருவரை ஒருவர் அரிதாகவே சந்திக்கும் நூற்றுக்கணக்கானோர் ஒரே தரத்தில் வேலை செய்ய முடிந்ததற்கு அந்தத் தாள்கள்தாம் காரணம்.

3. குளியலறையில் எழுதிய குறிப்பு

அட்லாண்டிக்குக்கு அப்பாலும் இதே காலத்தில் இதே உண்மை வேறொரு வடிவில் வெளிப்பட்டது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட், அமெரிக்க மேற்குப் பகுதியில் ஒன்றுக்கொன்று தொலைவிலிருந்த நான்கு ஆய்வு நிலையங்களை இணைப்பதாகத் தொடங்கிற்று. அவற்றின் மாணவர்கள் தங்களுக்குள் பேசி முடித்தவற்றை எழுதி வைக்க வேண்டியிருந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் ஸ்டீவ் க்ராக்கர், தாம் தங்கியிருந்த நண்பர் வீட்டில் பிறர் உறக்கம் கெடக்கூடாதென்று இரவில் குளியலறையில் அமர்ந்து முதற்குறிப்பை எழுதியதாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1969 ஏப்ரல் 7ஆம் நாள் இடப்பட்ட அக்குறிப்பே ஆர்.எஃப்.சி. வரிசையின் முதலாவது. 'கருத்துகளை வேண்டுகிறோம்' என்பது அத்தலைப்பின் பொருள். கட்டளையிடும் தொனி வந்துவிடக்கூடாது என்று அஞ்சிய மாணவர்கள் தேர்ந்த பணிவான பெயர் அது.

அந்த ஆண்டு அக்டோபர் வரை வலையமைப்பே இல்லை. ஆகவே முதற்குறிப்புகள் சாதாரண அஞ்சலில்தான் பயணம் செய்தன. குறிப்பு முழுமை பெற்றிருக்க வேண்டியதில்லை, விடையற்ற கேள்வியாகவும் இருக்கலாம், ஒரே வாக்கியமாக இருந்தாலும் போதும் என்று மூன்றாம் குறிப்பு விதி வகுத்தது. தொலைவில் இருப்பவர் மௌனமாக இருப்பதைவிட அரைகுறையாகவேனும் எழுதுவது மேல் என்பது அதன் உட்பொருள். ஜான் போஸ்டல் என்பவர் 1998இல் தாம் இறக்கும் வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், இக்குறிப்புகளைத் தொகுத்துச் செப்பனிட்டார். இன்று அவ்வரிசை 9000ஐக் கடந்துவிட்டது. உலகின் மிகப் பெரிய தொழில்நுட்பக் கட்டுமானத்தின் எழுத்துப் பணி, ஒரே கூரையின் கீழ் அமர்ந்திராத மனிதர்களால் செய்யப்பட்டது.

4. கொடுத்த கையே திரும்பப் பெறும்

இவ்வளவும் மெய்யானால் தொலைப்பணி ஏன் உறுதியற்றதாகவே இருந்து வருகிறது? வரலாற்றின் மறுபக்கத்தையும் காண வேண்டும். தன் பணியாளருள் 40 விழுக்காட்டினருக்கு அலுவலக இடமே இல்லை என்று 2009இல் பெருமை கூறிய ஐ.பி.எம்., 2017இல் ஆயிரக்கணக்கானோரை அலுவலகத்துக்குத் திரும்பச் சொன்னது. யாகூ 2013இலேயே அவ்வாறு செய்திருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்கு அனுப்பிய அமேசான், 2025 சனவரி முதல் வாரத்தின் ஐந்து நாளும் வர வேண்டும் என்றது. கைகள் அரிதாயிருக்கும்போது தொலைவு மன்னிக்கப்படுகிறது. மலிந்தவுடன் அது குற்றமாகிறது.

ஷெர்லியின் நிறுவனத்துக்கு நேர்ந்ததும் சிந்திக்கத்தக்கது. பெண்களுக்கு ஆதரவாக 1975இல் இயற்றப்பட்ட பாலினப் பாகுபாட்டுத் தடைச்சட்டம், பெண்களுக்கே முன்னுரிமை தரும் அவர் கொள்கையைச் சட்டவிரோதமாக்கிற்று. பின்னர் நிறுவனம் வளர்ந்து, பெயர்கள் மாறி, 2001இல் 'சான்சா' ஆயிற்று. அதற்குள் அதன் பணியில் பெரும்பகுதி இந்தியாவுக்கு நகரத் தொடங்கிவிட்டது. நொய்டா, புனே நகரங்களோடு நம் சென்னையிலும் அதற்கு அலுவலகம் இருந்தது. 2007இல் பிரெஞ்சு நிறுவனமான ஸ்டீரியா அதை வாங்கிக்கொண்டது. இங்கிலாந்துத் தாய்மார்களின் உணவு மேசையில் தொடங்கிய வேலை, சென்னை இளைஞர்கள் பேருந்து பிடித்துச் செல்லும் கட்டடங்களில் வந்து நின்றது. வேலை தொலைவு சென்றது. வேலை செய்பவருக்கு வீட்டிலிருக்கும் உரிமை உடன் வரவில்லை. தொலைப்பணியும் வெளிநாட்டுக்கு வேலையை அனுப்புவதும் ஒரே விதையின் இரு முளைகள் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

தொழிலுக்கான சங்கங்களும் நிலையானவை அல்ல. 1953 முதல் வேர்விட்டு வளர்ந்த அமெரிக்கத் தொழில்நுட்பத் தகவல் தொடர்பாளர் சங்கம், கடன் சுமையால் 2025 சனவரியில் தன் பணிகளை நிறுத்திக்கொண்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பின், வாக்கியம் அமைத்துத் தரும் வேலைக்கு மனிதர் எதற்கு என்ற கேள்வியும் எழுந்துவிட்டது.

5. வரலாறு தரும் விடை

இனி நம் கேள்விகளுக்கு வருவோம். வேலை எப்படிக் கிடைக்கிறது? முகம் காணாதவரை நம்ப வைப்பது அவர் எழுதியதைத் தவிர வேறில்லை. க்ராக்கரின் குறிப்புகளைப் போல, எவரும் படிக்கத்தக்க இடத்தில் கிடக்கும் எழுத்தே சான்றிதழ். இன்று கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பலவற்றின் கையேடுகள் அரைகுறையாகக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்து, அதில் சொன்னபடியே செய்து பார்த்து, எந்தப் படியில் புதியவர் தடுமாறுவார் என்று கண்டு திருத்தி அனுப்புபவருக்குக் காட்டுவதற்கு ஒன்று இருக்கிறது. கூகிள் நிறுவனம் 2019இல் இத்தகைய பணிக்கு எழுத்தாளர்களுக்கு ஊதியம் வழங்கும் திட்டமொன்றையே தொடங்கிற்று. பட்டத்தைக் காட்டுவதைவிடத் திருத்திய பக்கத்தைக் காட்டுவது வலிமையானது.

கிடைத்தது எப்படி நிலைக்கிறது? ஷெர்லியின் முதல் ஆவணமே இதற்கு விடை. ஆவணம் எழுதி முடித்த நாளிலிருந்தே பழையதாகத் தொடங்குகிறது. இயந்திரம் மாறும், பொத்தானின் பெயர் மாறும், விதி மாறும். எந்தப் பக்கம் எப்போது பொய்யாகிறது என்று அறிந்தவரே அதைக் காக்க வல்லவர். எழுதுவதற்கு ஒரு முறை கூலி; பேணுவதற்கோ பல ஆண்டுக் கூலி. வாக்கியத்தை இயந்திரம் அமைத்துவிடலாம். பொறியாளர் சொல்ல மறந்தது எது என்று கேட்பதும், சொன்னபடி நடக்கிறதா என்று செய்து பார்ப்பதும், பொறுப்பேற்று ஒப்பமிடுவதும் இன்றும் மனிதரின் வேலைகளே. அவ்வேலையின் தடயத்தையும் எழுதி வைக்க வேண்டும். என்ன முடிந்தது, எது நிற்கிறது, யாருடைய விடைக்காகக் காத்திருக்கிறோம் என்ற மூன்று வரிகள் வாரந்தோறும் சென்றால், தட்டச்சு ஒலியைப் பதிவுசெய்து ஒலிபரப்ப வேண்டியதில்லை.

தமிழிலக்கியம் கற்றுப் பட்டம் பெற்று, மணமாகி, குழந்தை பெற்று, அத்தோடு பணிவாழ்வு முடிந்ததென்று எண்ணும் மாணவியர் எத்தனையோ பேரை நம் வகுப்பறைகள் ஆண்டுதோறும் வெளியே அனுப்புகின்றன. உரையாசிரியர்களை ஊன்றிப் படித்தவர்களுக்கு, ஒரு சொல் எங்கே மயங்குகிறது, வாசகர் எங்கே இடறுவார் என்று காணும் பயிற்சி ஏற்கெனவே உண்டு. ஆங்கிலமும் கருவியறிவும் கூடுதலாகக் கற்க வேண்டியவை. கற்க முடியாதவை அல்ல. 2025 ஆகஸ்டில் தம் 91ஆம் வயதில் ஷெர்லி மறைந்தார். திறமை வீடுகளில் முடங்கிக் கிடக்கிறது, அதைத் தேடிச் செல்லலாம் என்று 1962இல் அவர் கண்டது இன்று நம் ஊர்களுக்கும் பொருந்தும். தேடிச் செல்ல வேண்டியவர்களுள் அவர்களுக்குக் கற்பிக்கும் நாமும் அடக்கம்.