எடுத்தனூர் நாய்க்கு ஒரு புள்ளி

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். மாடு கவர வந்த கள்ளர் இருவரை அது கடித்ததைக் கல்லில் வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். காலம், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு.

எடுத்தனூர் அமைந்த செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ நூலை வெளியிட்டது. திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவத்தினர் இன்றும் ஊர் ஊராகப் போய்ப் புதிய கற்களைக் கண்டெடுத்து வருகிறார்கள்.

படித்த கல்லும் தொலைந்துபோகும். பழைய கல்வெட்டு அறிக்கைகள் இடத்தைச் சொல்லும் விதம் அப்படி: ஊருக்குக் கிழக்கே இன்னார் வயலில் ஒரு கல், ஏரி மதகருகே ஒரு பலகைக்கல். வயல் மனையாகிவிட்டால், மதகை இடித்துக் கட்டிவிட்டால், அந்த அடையாளமும் போய்விடும்.

பெங்களூரு இதற்கு ஒரு வழி கண்டது. கல்வெட்டறிஞர் பி.எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, பி.எல். உதயகுமாரும் தன்னார்வலர்களும் ஒவ்வொரு கல்லாகத் தேடி இணைய வரைபடத்தில் குறித்தார்கள். தொகுதியில் இல்லாத கற்களும் அகப்பட்டன. 2018இல் ஹெப்பாளில் கிடைத்த 8ஆம் நூற்றாண்டுக் கல் அவற்றுள் ஒன்று. 2021இல் மிதிக் சொசைட்டி என்ற ஆய்வு அமைப்பு அந்தக் கற்களை முப்பரிமாணத்தில் பதிவுசெய்யத் தொடங்கியது.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் யாரும் கணக்குத் தொடங்கித் தங்கள் ஊரை வரையலாம். அழிந்துபோன கோட்டைக்கும் தூர்ந்த குளத்துக்கும் அதன் உடன்பிறப்பான ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப்பில் இடமுண்டு; எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருந்தது என்றும் குறிக்கலாம்.

பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்த, இடம் மாறாத சில புள்ளிகள் வேண்டும். திருவண்ணாமலையில் அவற்றுக்குக் குறைவில்லை: மலையுச்சி, ராஜகோபுரம், குளத்தின் மூலைகள். அவை பொருந்திவிட்டால் பழைய பாதைகளையும் ஏரிகளையும் இன்றைய ஊரில் தேடிப் பார்க்கலாம்.

பெயரிலும் கவனம் வேண்டும். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் ஆங்கிலேயரோடு செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் மோதினார்கள். அந்தப் போரை எழுதிய ஆங்கிலேயர் ஊரை ‘டிரினோமலி’ என்றார்கள். இன்றைய பெயரை மட்டும் கொடுத்துத் தேடுபவருக்கு அந்தப் பக்கங்கள் அகப்படமாட்டா. பழைய பெயருக்கென ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தனிக் கட்டம் உண்டு. ஊர்க்காரர் ஒருவர் அதை நிரப்பினால் போதும்.

மென்பொருளால் ஆகாத வேலை ஒன்று உண்டு. எந்தக் கல்லை ‘வேடியப்பன்’ என்று கும்பிடுகிறார்கள், எந்த மேட்டுக்குக் ‘கோட்டைமேடு’ என்று பெயர் என்பதெல்லாம் அங்கே ஆடு மேய்ப்பவருக்குத்தான் தெரியும்.

அடுத்த முறை வயல்வரப்பில் எழுத்துள்ள கல்லைக் கண்டால், அசைக்காமல், சுண்ணாம்போ பெயின்ட்டோ பூசாமல், படமெடுங்கள். கைபேசி காட்டும் இடக்குறியீட்டையும் ஊர்க்காரர் சொல்லும் பெயரையும் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். வரைபடத்திலும் ஒரு புள்ளி வையுங்கள்.